அரைக்கட்டை ஏறிப்போன ராஜரத்தினம்

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டைப் போட்டதுமே பலர் ராகத்துக்குள் போய்விடுகிறார்கள். அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும்: நாயனம் (நாகஸ்வரம்) எத்தனை கட்டைச் சுருதியில் நிற்கிறது? அவர் காலம் வரை வழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டை நாயனம், நாலரை, ஐந்து கட்டையில் வீறிடும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளம் கூட்டிக் கடைந்து கொடுத்த பாரி நாயனத்தைக் கையில் எடுத்து, சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கியவர் ராஜரத்தினம். அந்த இறக்கத்தில் கிடைத்த கனமும் நிதானமும்தான் அவருடைய தோடி. தட்டு வேகமாகச் சுற்றினால் முதலில் பறிபோவது அந்தக் கனம். ஆள் அவர்தான், ராகம் அதேதான். ஆனால் பாரி பாதித் திமிரியாகிவிட்டிருக்கும்.

கணக்கு எளிது. வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும், அதாவது அரைக்கட்டை. (மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரை கிடையாது, ஹார்மோனியம் தொட்டவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு முழுக் கட்டை.) நிமிடத்துக்கு 78 சுற்ற வேண்டிய தட்டு 82½ சுற்றினால் இரண்டரைக் கட்டை நாயனம் மூன்றில் கேட்கும். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியில் ரெகுலேட்டர் திருகு கொஞ்சம் நகர்ந்தாலே இந்த நாலரைச் சுற்று வந்துவிடும். காதுக்குச் சட்டென்று பிடிபடாது. ஸ்பிரிங் தளர்ந்து கடைசி ஒரு நிமிடத்தில் சுருதி இறங்குவது கேட்கும்; ஆரம்பம் முதலே ஏறி நிற்பது கேட்காது.

வேகத்தைச் சரிபார்க்க, சுற்றும் தட்டின்மேல் வைத்துப் பார்க்கிற, வட்டமாகக் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை போதும், ஆனால் சரியான அட்டை வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல்பு விநாடிக்கு 100 தடவை, நிமிடத்துக்கு 6000 தடவை மினுக்கும். 77 கோடு போட்ட அட்டை அந்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் வேகம் 77.92. அதுதான் நமக்கு 78. இணையத்தில் இறக்கி அச்சடிக்கும் அட்டைகளில் பாதி அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு வரைந்தவை. 92 கோடு இருக்கும். அதை இங்கே வைத்து நிற்க வைத்தால் தட்டு 65 சுற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கும், ராஜரத்தினம் இன்னும் மூன்று ஸ்வரஸ்தானம் கீழே போய்ப் புதைந்துகிடப்பார். கோட்டை எண்ணிவிட்டு அச்சடியுங்கள். 33⅓ சுற்று எல்பிக்கு நம் அட்டையில் 180 கோடு. இன்னொரு தொல்லை, இப்போதைய எல்இடி பல்புகளில் பல மினுக்குவதே இல்லை. கோடுகள் மொத்தமும் சாம்பல் பட்டையாக மங்கித் தெரிந்தால் குறை உங்கள் மோட்டாரில் இல்லை, வெளிச்சத்தில். சாமி அறையில் எரியும் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

அதோடு வேலை முடிந்துவிடாது. 78 என்று லேபிளில் இருந்தாலும் ஒலிப்பதிவு நடந்த அன்று எந்திரம் 78-ல்தான் ஓடியது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1925-க்கு முந்தைய, மைக் இல்லாமல் புனல் முன்னால் நின்று பாடிய காலத்துத் தட்டுகளில் 74 முதல் 82 வரை எதுவும் இருக்கலாம். அங்கே அட்டை உதவாது. சங்கீதம் தெரிந்த காதுதான் உதவும்.

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா இதற்கு நல்ல சோதனை. 1933-ல் 27 வயதில் போய்விட்டார். பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அந்தக் குரலுக்கு இன்று மிச்சம் தட்டுகள் மட்டும்தான். தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாடிய ‘எவரனி’யைக் கேட்டவர்கள் அந்த உச்சத்தை மறப்பதில்லை. சிக்கலும் அதே உச்சத்தில்தான் இருக்கிறது. குரல் இயல்பிலேயே மேலே நிற்பதால் தட்டு வேகமாக ஓடினாலும் ‘கிட்டப்பா என்றால் அப்படித்தான்’ என்று காது ஒத்துக்கொண்டுவிடும். குரலை விட்டுவிட்டு ஹார்மோனியத்தைக் கேளுங்கள். அண்ணன் காசி ஐயர் வாசிப்பது ரீட் வாத்தியம். ரீட் பாடகரின் மனநிலைக்கு ஏறி இறங்காது. உங்கள் வீட்டு ஹார்மோனியத்தில் பக்கத்துக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்து, தட்டில் வரும் ஷட்ஜம் (ஸ) எந்தக் கட்டைமேல் சரியாக விழுகிறதோ அங்கே வேகத்தை நிறுத்துங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறு. பழைய பெட்டிகளின் ரீட் இன்றைய அளவிலிருந்து நூற்றுக்கு ஒன்று, இரண்டு முன்பின் இருக்கலாம், ஆறு இருக்காது.

பாட்டின் காலப்பிரமாணத்தை, அதாவது நடையின் வேகத்தை, வைத்து வேகத்தை முடிவு செய்வது பெரிய தவறு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் மூன்றேகால். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே பாடியவர்கள் ஓடித்தான் பாடினார்கள். ‘இவ்வளவு வேகமாகவா பாடியிருப்பார்’ என்று நினைத்துத் தட்டின் வேகத்தைக் குறைத்தால், சுருதி இறங்கி, நாக்கு தடித்து, குடித்துவிட்டுப் பாடுகிற மாதிரி ஆகிவிடும்.

இந்த மூன்று நிமிடத்தை அனாயாசமாகக் கையாண்டவர்களில் நம் வட ஆற்காட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு: சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. அவர் பிறந்த 1898-ல் சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911-ல்தான் அது தனி மாவட்டமாகப் பிரிந்தது. குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, லயத்தில் சிங்கம். அவர் பாடிய தட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அந்தப் பாணி எப்படி இருந்திருக்கும் என்று அறியச் சிஷ்யரின் தட்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். ஆனந்தபைரவியில் ‘மதுரா நகரிலோ’ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தட்டு. ஜாவளிதான், சின்னப் பாட்டுதான். மணிக்கணக்கில் பல்லவி பாடுகிற ஒருவர் அந்தச் சின்ன இடத்தில் அவசரமே காட்டாமல் எப்படி நடக்கிறார் என்று தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் தெரியும். (தியாகராஜரின் நேர் சிஷ்யர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு எழுதி வைத்தாரே, தட்டு வருவதற்கு முன் வட ஆற்காட்டின் பெரிய ரிக்கார்டு கலெக்‌ஷன் அதுதான்.)

தட்டின் நடு ஓட்டை மையத்தில் இல்லாவிட்டால் வருகிற கோளாறு தனி ரகம். நாயனத்தின் நீண்ட கார்வையில் இல்லாத அசைவு வரும். தோடி காந்தாரத்தின் கம்பிதம் (வித்வான் கொடுக்கும் அசைவு) எது, தட்டின் ஆட்டம் எது என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. 78-ல் ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அசைவு அந்த இடைவெளியில் பிசகாமல் வந்தால் அது ஓட்டையின் வேலை. வித்வானின் கமகம் அப்படிக் கடிகாரம் பார்த்து வராது. ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தட்டின் வெளிப்பக்கத்தில் சுருதி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று மேலும் ஒன்று கீழும் போகும். உள்ளே வர வர அது இரட்டிப்பாகும். பெரும்பாலான பழைய தட்டுகளில் ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருப்பதால் சரிசெய்வதும் சுலபம். பாட்டு ஓடும்போது ஊசியின் கை இடதும் வலதும் ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் தட்டை விரலால் ஒரு மயிரிழை தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். கை ஆடாமல் நகர்ந்தால் மையம் கிடைத்துவிட்டது. ஓட்டை இறுக்கமாக இருந்தால் உருண்டை அரம் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி மாதிரி நொறுங்கும் பொருளில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வட ஆற்காட்டில் தட்டு சேர்ப்பவர்களின் அலமாரி மயிலாப்பூர் அலமாரி போல இருக்காது. அங்கே சபா ரசனைக்கு வாங்கி, உறையோடு காப்பாற்றிய எல்பிகள் கிடைக்கும். இங்கே கைக்கு வருவதில் பாதிக்கு மேல் மைக் செட்காரர் தகரப் பெட்டியில் இருந்தவை. 1980களில் கேசட் வந்ததும் அந்தப் பெட்டிகள் எடைக்குப் போயின. எடைக்குப் போகாதவை ஆரணி, போளூர், குடியாத்தம், திருப்பத்தூர் பக்கம் பரண்களில் தங்கின. ஆகையால் அலமாரியில் யார் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்தது வாங்குபவரின் ரசனை இல்லை. ஆடிக் கூழும், மாசி மயானக் கொள்ளையும், வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசும், காதுகுத்தும், கட்சிக் கூட்டமும்தான். யாரை எவ்வளவு கேட்டார்கள் என்று புள்ளிவிவரம் தேட வேண்டாம், தட்டின் தேய்மானமே சொல்லிவிடும்.

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதிகம் தேய்ந்த ஏழு அங்குல இசைத்தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’தான். குழாய் கட்டி ஆம்ப்ளிஃபயர் சூடேறியதும் முதல் தட்டு அது, எந்த விசேஷமானாலும். லேபிள்மேல் பால்பாயின்ட் பேனாவில் ‘1’ என்று எழுதியிருக்கும். அடுத்தது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். லேபிளில் மஞ்சள் கறை, சில சமயம் குங்குமம் ஊசி ஓடும் பள்ளமான வரிக்குள்ளேயே இறங்கியிருக்கும். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், டி.எம்.எஸ். முருகன் பாடல்கள் எல்லாம் மூன்றாம் தரத் தேய்மானம். கல்யாணப் பெட்டியில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாயனம் வெளுத்துப் போயிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பெட்டிகளில் நாகூர் ஹனிபாவும் கவ்வாலியும் அடுத்தடுத்து இருக்கும்; ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ ஒரு பக்கம் தேய்ந்திருக்க, அதே ஹனிபா கழகத்துக்குப் பாடியது பக்கத்து உறையில் தேய்ந்திருக்கும். கச்சேரிப் பாடகர்கள் செம்மங்குடியும் மதுரை மணி ஐயரும் இந்தப் பெட்டிகளில் வந்தால் புதுத்தட்டு மாதிரி இருப்பார்கள். யாரும் போடவில்லை, அதனால் தேயவில்லை. சேர்ப்பவருக்கு லாபம்தான், ஆனால் அந்தத் தட்டு கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும்.

மைக் செட் தட்டு வாங்கும்போது உறையைப் பார்த்து ஏமாற வேண்டாம். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல வினைல் கருமையாக, எண்ணெய் தடவியது போல் மின்னும். ஊசி தின்ற வரி சாம்பல் பூத்திருக்கும், அதுவும் சத்தம் அதிகமான இடங்களில் பட்டை பட்டையாக. சாம்பல் பூத்ததை எந்தச் சோப்பும் கருப்பாக்காது. அது அழுக்கு இல்லை, காயம். அந்தக் கால பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் தலையான செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு கிராம் எடையில் அழுத்தும். தட்டு குதித்தால் அதன் தலைமேல் நாலணாவை ஒட்டவைத்தார்கள். நீலக்கல் ஊசி ஐம்பது மணி நேரம் போல் ஓடினால் மொட்டையாகும். திருவிழாவில் அது மூன்று நாளில் தீர்ந்துவிடும், ஊசியோ அடுத்த ஆடி வரை மாறாது. முதல் இருபது விநாடி எல்லாத் தட்டிலும் கெட்டிருக்கும், ஊசியைக் கையால் போட்ட இடம் அது. குறுக்கே போகும் கீறல் ‘டிக் டிக்’ என்று அடிக்கும், அவ்வளவுதான். வரியோடு வரியாகப் போகும் கீறல்தான் ஆபத்து. ஊசியைப் பிடித்து ஒரே வார்த்தையில் நிறுத்திவிடும். நகத்தால் தொட்டு நகம் மாட்டினால் வாங்காதீர்கள்.

தேய்ந்த தட்டுக்கு ஒரு வழி பாக்கி இருக்கிறது. மொட்டை ஊசி வரிச்சுவரின் ஒரு உயரத்தில்தான் தேய்த்திருக்கும். வேறு அளவு ஊசி சுவரின் வேறு உயரத்தில் உட்காரும், அங்கே தேயாத பகுதி இருக்கலாம். வட்ட முனையில் கரகரத்த ஈஸ்வரி, நீள்வட்ட முனையில் பாதி தெளிந்து வருவது உண்டு. 78-க்கும் இதே உத்திதான். வழக்கமான முனை 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. சேர்ப்பவர்கள் இரண்டரையும் மூன்றரையும் கூட வைத்துக்கொள்வார்கள். எல்பி ஊசியின் முனை ஒரு மில்லுக்கும் குறைவு. அதை 78 தட்டில் வைத்தால் அகன்ற வரியின் அடியில் போய்க் குப்பையில் உருளும், பாட்டைவிட இரைச்சல் பெரிதாகக் கேட்கும். ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையில் எஸ்பி என்ற ஊசி 78-க்கென்றே வருகிறது. அதே கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மாட்டலாம், எடையை 5 கிராமுக்கு ஏற்ற மறக்கக் கூடாது. எல்பி ஊசி மாட்டும்போது மறுபடி 2 கிராமுக்கு இறக்க அதைவிட மறக்கக் கூடாது.

வீணை தனம்மாள் தட்டு கிடைத்தவர்கள் மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். 1932-ல், 65 வயதில், கொலம்பியாவுக்கு அவர் வாசித்துக் கொடுத்தவை அவை. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மூச்சுச் சத்தம் இல்லாமல் உட்கார்ந்து கேட்ட வீணை. மீட்டு விழுந்ததும் நாதம் மெல்லக் கரைந்து போகிற அந்த வால் பகுதியில்தான் அவருடைய கமகம் முழுதும் இருக்கிறது. நாயனம் இரைச்சலை மீறி ஒலித்துவிடும், தனம்மாளால் முடியாது. இரும்பு ஊசி போட்டு ஓட்டிய தட்டில் மீட்டு மட்டும் மிஞ்சும், கரைவது கேட்காது. சாவிப் பெட்டியில் ஊசி மாட்டும் தலையான பழைய சவுண்ட் பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். அரக்கில் கலந்த கல்பொடி ஊசியைத் தன் வரிக்கேற்ப அரைத்துக்கொள்ளும், அரைபட்ட ஊசி அடுத்த தட்டுக்கு உளி. ஆசைக்குச் சாவிப் பெட்டியில் ஓட்டிப் பார்ப்பதற்கு நாலு உதவாத தட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தனம்மாள் அதில் வேண்டாம்.

கழுவுவதில்தான் அதிகத் தட்டுகள் செத்திருக்கின்றன. 78 தட்டின் பசை அரக்கு. தச்சர்கள் மெருகு போட ஸ்பிரிட்டில் கரைக்கிறார்களே, அதே அரக்கு. அதனால் ஸ்பிரிட், சானிடைசர், கொலோன், ‘ரிக்கார்டு கிளீனர்’ என்று விற்கும் ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் 78-இல் படக் கூடாது. பட்ட இடம் பிசுபிசுத்து வரி வழிந்துவிடும். 45, 33⅓ எல்லாம் வினைல். அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். 78-க்கு அரை லிட்டர் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஐந்தாறு சொட்டு, மிருதுவான பெயின்ட் பிரஷ், இவ்வளவு போதும். வரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். லேபிள்மேல் சிறிய எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டால் நனையாது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஈரத்தில் விடாதீர்கள், விளிம்புச் சிராய்ப்பு வழியாக உள்ளே இருக்கும் கல்பொடியும் பஞ்சும் தண்ணீர் குடித்து உப்பும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பழைய மல் வேட்டியால் ஒற்றி, தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிழலில் விடவும்.

அந்த ‘நல்ல தண்ணீர்’ வேலூரில் குழாயில் வராது. பாலாற்றுப் படுகை போர் தண்ணீர் உப்பு. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் இன்னும் மோசம். உலர்ந்ததும் வரிக்குள் வெள்ளையாகப் படிந்து, கழுவுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கரகரக்கும். கேன் தண்ணீர் பரவாயில்லை ரகம். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கிவிட்டால் ஒரு அலமாரியைக் கழுவிவிடலாம்.

கழுவும் முன் தட்டை ஒரு விரலில் ஓட்டை வழியாகத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் சுண்டிப் பாருங்கள். சந்தையில் மண்பானை தட்டிப் பார்க்கிற அதே சோதனைதான். ‘ணங்’ என்றால் முழுத்தட்டு. ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடுகிறது. அதைத் தண்ணீரில் போட்டால் இரண்டாகத்தான் எடுப்பீர்கள்.

எல்பி காலத்துக்கு வந்தால், உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பக்கவாத்தியப் பெயர்களைப் படிக்கும் பழக்கம் வேண்டும். அங்கே ‘வேலூர் ஜி. ராமபத்ரன்’ என்று இருந்தால் நம் ஊர்க்காரர்களுக்கு விலை பேச மனம் வராது. 1929-ல் பிறந்தவர், 2004-ல் சங்கீத கலாநிதி, 2012-ல் காலமானார். பாட்டைத் தூக்கிப் பிடிக்கிற மிருதங்கம் அது, பாட்டின்மேல் ஏறி உட்காராது. அவர் இடது கை தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) எழுப்பும் கும்கி என்ற கனத்த நாதத்தைக் கேட்கத்தான் செட் சரியாக இருக்க வேண்டும். தொப்பியின் நாதம் நூறு ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கிறது. இரைச்சல் போகட்டும் என்று, கீழ்ச் சத்தத்தை வெட்டும் ரம்பிள் ஃபில்டரை நூறில் வைத்தால் ராமபத்ரனின் இடது கையையே வெட்டிவிட்டதாக அர்த்தம். முப்பதுக்கு மேல் ஏற்றாதீர்கள். பிளேயர் வயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகுவது இன்னொரு பொதுத் தவறு. தட்டில் கீழ்ச் சத்தத்தைக் குறைத்தும் மேல் சத்தத்தைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுவது போனோ ப்ரீஆம்ப். அது இல்லாவிட்டால் மிருதங்கத்தில் வலந்தலை (வலப்பக்கம்) ‘டக் டக்’ மட்டும் கேட்கும். பிளேயருக்குள் ஒரு ப்ரீஆம்ப் இருக்க, ஆம்ப்ளிஃபயரின் போனோ துளையிலும் செருகினால் நேர்மாறு: கடம் எது, மிருதங்கம் எது என்றே தெரியாமல் உறுமும். பிளேயரின் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், பாருங்கள்.

இந்தத் திருப்பிப்போடும் அளவுக்கு இன்றைய ஆர்ஐஏஏ வாய்ப்பாடு 1954-ல்தான் பொதுவானது. அதற்கு முந்தைய 78-ஐ அதே ப்ரீஆம்பில் போட்டால் மேல் சத்தம், பத்தாயிரம் ஹெர்ட்ஸில், பதின்மூன்று டெசிபலுக்கு மேல் வீணாகக் குறைந்துவிடும். ராஜரத்தினம் போர்வைக்குள் இருந்து வாசிப்பார். ட்ரெபிள் திருகைத் தாராளமாகத் திருப்பலாம். 78 எல்லாம் மோனோ. இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஊசி மேலும் கீழும் குதிக்கும் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பைசா செலவில்லாத சுத்திகரிப்பு. 78 வேகமே இல்லாத பிளேயரா? 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் 45-ஐ 78 ஆக மாற்றலாம். ப்ரீஆம்பின் வாய்ப்பாடு தவறான வேகத்தில் வேலை செய்திருக்கும் என்பதால் கீழ், மேல் இரண்டையும் பிறகு காதால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வாணி ஜெயராமும் வேலூரில் பிறந்தவர்தான், 1945-ல். ‘அபூர்வ ராகங்கள்’ படத்து ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ எத்தனை பேர் வீட்டில் சரியாகக் கேட்கிறது என்பது எனக்குச் சந்தேகம். அவருடைய ‘ஸ’வும் ‘ஷ’வும் கத்தி மாதிரி. எல்பியின் வெளிவரியில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் போல் தட்டு ஓடுகிறது, உள்வரியில் இருபத்தொன்றுதான். அதே ‘ஸ’வை உள்ளே பாதி இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கும். கார்ட்ரிட்ஜ் இரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் வெளிவரியில் ஒன்றும் தெரியாது, உள்வரிக்கு வரும்போது ‘ஸ்வரம்’ ‘ஷ்ஷ்வரம்’ ஆகிச் சிதறும். பாடகிமேல் பழி போடுவார்கள், தட்டுமேல் போடுவார்கள். குறை தலைப்பகுதியின் இரண்டு திருகில் இருக்கும். அச்சடித்த அளவுகோல் அட்டையை வைத்துச் சரிசெய்யலாம். அச்சானதும் ஸ்கேலால் அதில் உள்ள நீளத்தை அளந்து பாருங்கள், பிரிண்டர் காகிதத்துக்கு ஏற்பச் சுருக்கியிருந்தால் அட்டையே தப்பு. ஏழு அங்குல இசைத்தட்டு 45-இல் ஓடுவதால் உள்வரியிலும் இருபத்தைந்துக்குக் கீழே போகாது. இரண்டும் கிடைத்தால் நான் சின்னத் தட்டைத்தான் எடுப்பேன்.

கடைசியாக வெயில். தட்டைப் படுக்கையில் அடுக்கினால் வேலூர் கோடை ஒன்று போதும், அடித்தட்டு கிண்ணமாகிவிடும். நிமிர்த்தி, நெருக்கமாக, ஆனால் இறுக்காமல் வையுங்கள். மேல்மாடிப் பரண், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்குச் சுவர் பீரோ மூன்றும் கூடாது. 78 கனம், ஐம்பது தட்டு பத்துக் கிலோ வரும், மெல்லிய பிளைவுட் பலகை தொய்யும். ஐப்பசி மழைக்குப் பிறகு உறையை ஒரு தடவை உதறிப் பாருங்கள், ராமபாணப் பூச்சி லேபிளின் பசைக்கு வரும். கரையான் உறையோடு நிறுத்திக்கொள்ளும்.

வளைந்துபோன 78-ஐ நிமிர்த்தவும் அதே வெயில்தான். வினைலுக்கு இதைச் செய்யாதீர்கள், தட்டு நிமிர்வதற்குள் வரி இளகிவிடும். ஓரடிச் சதுரத்தில், ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடி வேண்டும். தட்டை முதலில் கழுவி முழுதும் உலர்த்த வேண்டும். தூசி இருந்தால் வரியில் அச்சாகும். கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்துக் காலை வெயிலில் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். தட்டு தன் எடைக்கே இளகிக் கண்ணாடியோடு படியத் தொடங்கியதும் அப்படியே உள்ளே தூக்கிவந்து, மேல் கண்ணாடியில் மூன்று நாலு கிலோ புத்தகம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வரை தொடாதீர்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மதியமே கண்ணாடியை எடுத்தால் தட்டு ராத்திரிக்குள் மறுபடி வளையும். அடுத்த வெயிலுக்கு விளிம்பில் விரிசல் விழும்.